ஓடுகிற மனதை உட்காரவைக்க: மூச்சு, ஜபம், கவலை நோட்டு

2001-ல் இத்தாலியில் ஆய்வாளர்கள் சிலர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 23 பேரை உட்காரவைத்து, லத்தீன் ஜெபமாலையையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். கூடவே மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் அளந்தார்கள். இரண்டைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் விடுவது 12-லிருந்து 20 வரை. மூச்சு அப்படி இறங்கியபோது, இரத்த அழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது.

அந்த ஆய்வைப் பொறுத்தவரை எந்தச் சாமி, எந்த மொழி என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. நிதானத்தில்தான் விஷயம் இருந்தது. கீழே சொல்லும் மூன்று பயிற்சிகளுக்கும் அதுதான் அடிப்படை. முதலிரண்டையும் சேர்த்துச் செய்ய கால் மணி நேரம் போதும். மூன்றாவதைத் தனியாக மாலையில் செய்ய வேண்டும். பக்தி இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முறை ஒன்றே, சொல்லும் சொல் மட்டும் மாறும்.

உட்காரும் இடம்

ஜமுக்காளத்தை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு சற்று உயர்ந்து முதுகு தானாக நிமிரும். முட்டி வலி இருந்தால் நாற்காலியே மேல். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். போனை அடுத்த அறையில் வையுங்கள். ‘சைலண்டில்தானே இருக்கிறது’ என்று மடியில் வைத்துக்கொள்பவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் எடுத்துப் பார்ப்பார்கள். நேரம் பார்க்க ஒரு சுவர்க்கடிகாரம் போதும்.

தனி அறை வேண்டும், ஊதுபத்தி வேண்டும், அதிகாலை நாலரை மணிக்கே எழ வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டுக்கொண்டால் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும். குக்கரை அடுப்பில் வைப்பதற்கு முன், குளித்து முடித்த கையோடு என்று ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மூச்சு: ஐந்து நிமிடம்

ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நொடிக்கு ஓர் எண் என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. இடையில் அடக்க வேண்டாம். வயிற்றில் உள்ள கை அசைய வேண்டும். நெஞ்சில் உள்ள கையும் தோளும் ஏறக்கூடாது.

வெளிமூச்சு நீள்வதற்குக் காரணம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கிறது, விடும்போது இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு குறைகிறது. ஆகவே விடும் நேரத்தைக் கூட்டக் கூட்ட உடல் தணியும் பக்கம் சாய்கிறது.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, ‘ஆழமாக’ என்ற சொல்லைக் கேட்டு அளவுக்கு மீறி இழுப்பது. மூன்று நான்கு நிமிடத்தில் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போய்க் குறுகுறுக்கும், தலை லேசாகச் சுற்றும். சிலர் இதைக் குண்டலினி ஏறுகிறது என்று நினைத்து மேலும் இழுப்பார்கள். உண்மையில் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அடுத்த முறை காற்றின் அளவைக் குறையுங்கள். மூக்கின் கீழே விரலை வைத்தால் காற்று படுவது லேசாகத்தான் தெரிய வேண்டும். நான்கு-ஆறு திணறலாக இருந்தால் மூன்று-நான்கில் தொடங்கி வாரம் ஓர் எண்ணாகக் கூட்டலாம்.

திருமந்திரம் சொல்லும் கணக்கு 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. நொடிக்கு ஓர் எண் என்று வைத்தால் ஒரு மூச்சுக்கே 112 நொடி. ஆசான் பக்கத்தில் இருந்து படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பயிற்சி அது. வீடியோ பார்த்து முயல்வதற்கானது அல்ல. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளையும் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடக்கூடாது. பதற்றக்காரர்களுக்கும் அவை சரிப்படாது. ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சை இன்னும் படபடக்கவைக்கும்.

ஜபம்: ஒன்பது நிமிடம்

‘நமசிவாய’, ‘நமோ நாராயணாய’, ‘இயேசுவே இரங்கும்’, ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சின்ன வயதிலிருந்து வாயில் பழகிய சொல் எதுவானாலும் சரி. நம்பிக்கை இல்லாதவர்கள் ‘அமைதி’ என்றோ ‘ஒன்று’ என்றோ சொல்லலாம். ஹார்வர்டைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் வகுத்த முறையில் ‘ஒன்று’ என்ற சொல்லையே மூச்சு விடும்போது சொல்லச் சொன்னார். ஒரு சொல்லைப் பிடித்தால் மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மந்திரம் மாற்றினால் எதுவும் நாக்கில் படியாது.

மூச்சு விடும்போது ஒரு முறை, இழுக்கும்போது மௌனம். முன்பு சொன்ன பத்து நொடிக் கணக்கில் 108 முறைக்கு 18 நிமிடம் ஆகும், 54-க்கு ஒன்பது. தொடக்கத்தில் 54 போதும். மாலை இருந்தால் நடுவிரல் மேல் கிடத்தி, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளுங்கள். மாலையின் தலைமணியான மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வது வழக்கம். தஸ்பீஹ் என்றால் 33, ஜெபமாலை என்றால் ஐந்து பத்துகள். மாலை இல்லையா? கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களில் விரலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு கணு. ஒன்பது சுற்று 108. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாருக்கும் தெரியாமல் எண்ணலாம்.

வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனதுக்குள் சொல்வது என்று ஜபம் மூன்று வகை. மனதுக்குள் சொல்வதே உயர்ந்தது என்று சொல்வார்கள். பயிற்சிக்கு அது கடைசிப் படி. முதல் நாளே அதில் இறங்கினால் பத்தாவது எண்ணிக்கையில் மனம் மளிகைக் கணக்குக்குப் போயிருக்கும். தூக்கம் வழிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், பதற்றமாக இருந்தால் முணுமுணுங்கள்.

1008, லட்சத்தெட்டு என்று இலக்கு வைத்து ஓட்டுவதும் பயிற்சியைக் கெடுக்கும். வேண்டுதலாகச் செய்வது வேறு கணக்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனம் தணிய வேண்டுமென்றால் வேகத்தில் பயனில்லை. வேகமாகச் சொன்னால் மூச்சும் வேகமாகிவிடும்.

மனம் ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் அதற்கு ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்: ‘கணக்கு’, ‘பயம்’, ‘கோபம்’, ‘திட்டம்’. பெயர் வைத்த கையோடு அடுத்த மூச்சில் சொல்லுக்குத் திரும்புங்கள். எத்தனையாவது மணி என்று மறந்திருந்தால் விட்ட இடத்தைத் தேட வேண்டாம், விரல் இருக்கும் மணியிலிருந்தே தொடரலாம். ஒன்பது நிமிடத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறையும் திரும்பிய நாள் நல்ல பயிற்சி நாள்தான். திரும்புவதில்தான் பழக்கம் ஏறுகிறது.

கவலை நோட்டு: மாலையில், பதினைந்து நிமிடம்

‘அதை நினைக்காதே’ என்று சொல்லிக்கொண்டால் அதுதான் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது என்று மாணவர்களிடம் சொன்னார். நினைப்பு வரும்போதெல்லாம் மணியடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே கவலையை விரட்டாமல் அதற்கென்று ஒரு நேரம் கொடுப்பதே மேல். ஆறரை மணி நல்ல நேரம். படுக்கப் போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம். படுக்கையில் வைத்து எழுதவே கூடாது. படுக்கை என்றாலே யோசிக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும்.

சாதாரண நாற்பது பக்க நோட்டு, பேனா. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நம்மால் ஏதாவது செய்ய முடிகிற கவலைகள், வலப்பக்கம் முடியாதவை. ‘அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்’ என்று மொட்டையாக எழுதினால் அது கவலையாகவே நிற்கும். ‘வியாழன் 10 மணி, டாக்டரிடம் கேட்க வேண்டியது: கட்டி வளர்ந்திருக்கிறதா, மாத்திரை மாறுமா, அடுத்த ஸ்கேன் எப்போது’ என்று எழுதினால் அது வேலையாக மாறிவிடுகிறது. இடப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் போட்ட ஒரு காரியம் இருக்க வேண்டும். வலப்பக்கம் எழுதுவதோடு சரி. பக்தி உள்ளவர்கள் அந்தப் பட்டியலைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடலாம். பாரத்தைக் கடவுள்மேல் போடுவது என்பதற்கு இதைவிட நேரடியான வழி இல்லை. கால் மணி ஆனதும் நோட்டை மூடுங்கள், பாதி வாக்கியமாக இருந்தாலும். இரவு இரண்டு மணிக்கு அதே கவலை எட்டிப்பார்த்தால் ‘நாளை ஆறரைக்கு’ என்று சொல்லிவிட்டு மூச்செண்ணுங்கள்.

மனதில் வெகுநாளாக அழுத்தும் பழைய விஷயத்துக்கு வேறு முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய ஒன்றைப் பற்றி நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அன்றைக்கு மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. அதனால் முதல் நாளே ‘இது ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பிழையைப் பார்க்காதீர்கள், முடிந்ததும் கிழித்துப் போடலாம். துக்கம் நடந்து சில வாரமே ஆனவர்கள் இதைத் தள்ளிவையுங்கள். எழுதும்போது உடம்பு நடுங்கினாலோ அந்தச் சம்பவம் கண்முன்னே நடப்பதுபோல் வந்தாலோ நிறுத்திவிட்டு, ஆலோசகர் துணையோடு செய்யுங்கள்.

ஒத்துவராதபோது

கண்ணை மூடினாலே பயம் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகப் பழைய அடி, விபத்து, வன்முறை மனதில் இருப்பவர்களுக்கும், பேனிக் அட்டாக் வருபவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் அழுந்துவதையும் வெளியே கேட்கும் ஒலிகளையும் கவனித்தால் போதும். நடந்துகொண்டே ஜபிக்கலாம், கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதும் அதுதான். இல்லாத குரல் கேட்கும் நோயோ, மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் நோயோ உள்ளவர்கள் பத்து நாள் மௌன முகாம் போன்றவற்றில் மருத்துவரைக் கேட்காமல் சேரக்கூடாது.

தியானம் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்துவது இதில் ஆகப் பெரிய ஆபத்து. மனநல மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ, குறைப்பது மருத்துவர் வேலை. விடாத சோர்வுக்குத் தைராய்டும் இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம், அதை ஜபம் சரிசெய்யாது. ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல், ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா உள்ள ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பிரார்த்தனையை நம்பி ஊர் ஊராக வந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைக்காததும் அந்தக் கதையில் ஒரு பகுதி. பின்னாளில் அதே ஊரில் மருந்தும் துவாவும் (தர்காவில் செய்யும் பிரார்த்தனையும்) சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு வந்தது. ‘கும்பிட்டும் சரியாகவில்லையே, என் பக்தியில்தான் குறை’ என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்கும் பேச்சை வீட்டில் யாரும் பேசவிடாதீர்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் அப்போதே பக்கத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இலங்கையில் 1926.

மற்றபடி, மூன்று வாரம் முடிந்ததும் கவலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: படுத்து எவ்வளவு நேரத்தில் தூங்குகிறேன், எரிந்து விழுவது குறைந்ததா, வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள். மூன்றாவது பதிலை நீங்களே ஊகிக்காமல் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். மாற்றம் எதுவும் இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுவதற்கு முன் பயிற்சி நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவில் செய்தவர்கள் காலைக்கு, காலையில் செய்தவர்கள் மாலைக்கு.