வேலூரிலிருந்து அந்தமான்: 6 நாள் பயணத்தைக் கடைசி நாளிலிருந்து திட்டமிடுங்கள்

அந்தமானில் என்னென்ன பார்க்கலாம் என்ற பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, எலிஃபண்ட் பீச், நீல் தீவு, ராஸ் தீவு. எதை எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதில்தான் முதல்முறை போகிறவர்கள் கோட்டைவிடுகிறார்கள். அங்கே நேரத்தைக் கையில் வைத்திருப்பது மூன்று: கப்பல், சூரியன், கடலின் ஏற்றவற்றம். ஹோட்டலைப் பற்றிய கவலை அப்புறம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. விமான டிக்கெட் போடுவது எப்படி என்பதையெல்லாம் இங்கே விளக்கவில்லை.

படி 1: மாதம்

நம் ஊர் வெயிலுக்குத் தப்பி மே மாதம் ஓடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. ஆனால் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தில் அந்தமானைத் தொட்டுவிடும். அக்னி நட்சத்திரம் முடியும் முன்னே அங்கே கடல் கொந்தளிக்கும். படகுகள் ரத்தாகும், கடலுக்கடியிலும் தண்ணீர் கலங்கி எதுவும் தெரியாது.

பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் கடைசி வரை நல்ல காலம். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிளம்புங்கள். அரையாண்டு விடுமுறையில் அறை வாடகையும் விமானக் கட்டணமும் எகிறிக் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் உண்டு.

படி 2: கப்பல் டிக்கெட் (பாதிப் பேர் தடுக்கி விழும் இடம்)

விமானம் இறங்குவது போர்ட் பிளேரில். 2024 செப்டம்பரில் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. ஆனால் படங்களில் பார்க்கும் வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் ஹேவ்லாக், நீல் தீவுகளில்தான் அதிகம். அங்கே போக விமானம் கிடையாது, கப்பல்தான். அந்தக் கப்பல் காற்றைப் பொறுத்து ஓடும், ஓடாமலும் போகும்.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்:

அ) திரும்பும் விமானத்தின் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆ) அதற்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். "நீலிலிருந்து காலைக் கப்பல் பிடித்து மதியம் விமானம் ஏறிவிடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டாதீர்கள். கப்பல் ரத்தானால் கப்பல் பணம் திரும்பக் கிடைக்கும். விமானப் பணம் போனது போனதுதான்.

இ) போர்ட் பிளேர் – ஹேவ்லாக் – நீல் – போர்ட் பிளேர் என்று முக்கோணமாக மூன்று டிக்கெட்டுகளையும் ஒரே உட்காரலில் போடுங்கள். நடுவில் இருக்கும் ஹேவ்லாக் – நீல் டிக்கெட்டுக்குத்தான் தட்டுப்பாடு. இரண்டை எடுத்துவிட்டு மூன்றாவதற்கு இடமில்லை என்று தெரிந்தால் திட்டம் முழுக்கக் குலையும்.

ஈ) மூன்றும் உறுதியான பிறகே ஹோட்டல்.

எந்தக் கப்பல்? மக்ரூஸ், நாட்டிகா இரண்டும் வேகமான ஏசி கேட்டமரான்கள் (இரட்டை அடிப்பாகம் கொண்ட கப்பல்கள்). ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஆனால் வழி முழுக்க உள்ளேயே உட்கார வேண்டும். கிரீன் ஓஷன் கொஞ்சம் மெதுவாகப் போகும்; மேல்தளத்துக்கு ஏறிக் காற்று வாங்கலாம். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என் ஓட்டு கிரீன் ஓஷனுக்கே. மூடிய ஏசி கூடத்தில் ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தால் வரிசையாகப் பத்துப் பேர் எடுப்பார்கள். அரசுப் படகு மலிவு. ஆனால் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை என்பதால் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

இன்னொரு குழப்பம்: தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்து, அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. ஆட்டோவில் ஏறி "ஜெட்டி" என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருங்கள். அசல் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

குமட்டல் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் கீழ்த்தளம், பின்பக்கம், நடு வரிசை. முன்பக்கத்தில் தூக்கிப் போடுவது அதிகம்.

படி 3: காட்பாடியிலிருந்து மீனம்பாக்கம்

சென்னை – போர்ட் பிளேர் பறக்கும் நேரம் இரண்டேகால் மணி போல. விமானங்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் காலையிலும் கிளம்பும். நம் ஊரிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 130 கி.மீ.; ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். காலை 6 மணி விமானம் என்றால் நள்ளிரவு 12 மணிக்கே காரில் ஏறியாக வேண்டும்.

காருக்குச் செலவழிக்க மனமில்லையா? முந்தைய நாள் மாலை காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கேயே மெட்ரோ, நீல வழித்தடத்தில் நேராக விமான நிலையம். இரவு 11 மணியோடு மெட்ரோ நின்றுவிடும், காலை 5 மணியை ஒட்டித்தான் மீண்டும் ஓடும். "காலையில் முதல் மெட்ரோவில் போய்க்கொள்ளலாம்" என்ற கணக்கு 6 மணி விமானத்துக்கு உதவாது. உள்நாட்டு விமானங்கள் ஒன்றாவது டெர்மினலிலும் நான்காவதிலும் பிரிந்து கிளம்புகின்றன. எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலிலேயே அந்தமான் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், மூன்று நாள் ஆகும். ஒரு வாரம் லீவு போட்டவருக்கு அது சரிப்படாது.

படி 4: மாலை நான்கு மணிக்கே மாலை

அந்தமானிலும் நம் கடிகாரம்தான். ஆனால் வேலூர் ஏறக்குறைய 79 பாகை கிழக்கில் இருக்கிறது, போர்ட் பிளேர் 93 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். அங்கே சூரியன் நம்மைவிட 50 நிமிடத்துக்கும் மேல் முன்னதாக உதித்து, அதே அளவு முன்னதாக விழுந்துவிடும். டிசம்பரில் 5 மணிக்கே அஸ்தமனம். ஏப்ரலிலும் ஐந்தரையைத் தாண்டிச் சில நிமிடங்கள்தான்.

மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்கு ராதாநகர் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து அது 12 கி.மீ. போல; மூன்றரைக்கெல்லாம் மணலில் இருக்க வேண்டும். மேற்குக் கரை என்பதால் அஸ்தமனத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தீவில் இல்லை. உதயத்துக்குக் கிழக்குப் பக்கம் காலாபத்தர். நீலில் அஸ்தமனம் லக்ஷ்மண்பூரில், உதயம் சீதாபூரில். இரவு எட்டரைக்கே ஊர் அடங்கிவிடும், சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

படி 5: ஏற்றமும் வற்றமும்

ஒரு நாளில் கடல் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அடுத்த நாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கிரிவலத்துக்குத் தேதி பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். மணிக்கணக்குக்கு "போர்ட் பிளேர் டைட்" என்று தேடினால் அன்றன்றைய அட்டவணை கிடைக்கும்.

இது ஏன் முக்கியம்? நீல் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் போய் நிற்க வற்றம் வேண்டும். ஏற்றத்தில் போனால் வழி தண்ணீருக்குள். தண்ணீர் மிகக் கீழே இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டைகளும் குட்டி மீன்களும் தெரியும். செத்த பவளப் பாறை பிளேடு மாதிரி அறுக்கும், பாசி வழுக்கும். பட்டை வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள். ஆம்பூர்த் தோல் செருப்பை வீட்டிலேயே விட்டு வாருங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டே நாளில் விறைத்துவிடும்.

அதே நீலில் பரத்பூர் கடற்கரைக்கு நேர்மாறான கணக்கு. அங்கே அடியில் கண்ணாடி பதித்த படகு ஓடவும் ஸ்நார்க்ளிங் (மூச்சுக்குழாய் வைத்துக் குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது) செய்யவும் தண்ணீர் வேண்டும். வற்றத்தில் படகு மணலில் தட்டும். நீந்துகிறவர் பவளத்தில் காலை ஊன்றிவிடுவார். இரண்டு இடத்துக்கும் ஒரே காலைப்பொழுதை ஒதுக்கும் டூர் பேக்கேஜைப் பார்த்தால், அதைப் போட்டவர் ஏற்றவற்றத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

படி 6: ஸ்கூபா

ஸ்கூபா என்பது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது. நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம். பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். வயது 10 நிறைந்திருக்க வேண்டும். ஹேவ்லாக்கில் மூன்றாம் நாள் காலையில் வையுங்கள். கடைசி நாளில் வேண்டாம்: ஸ்கூபா முடித்து 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழ்களாகப் பிரியும் ஆபத்து உண்டு.

இறங்கும் முன் மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேலூரிலேயே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காது அடைத்துக்கொள்ளும்.

காதுதான் எல்லாருக்கும் பிரச்சினை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். காது "பட்" என்று திறக்கும். இதை வலி வந்த பிறகு செய்தால் பலிக்காது. தலை தண்ணீருக்குள் போனதிலிருந்து ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்குங்கள். திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதாதீர்கள்.

அடுத்தது கை சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் "நன்றாக இருக்கிறேன்" என்று பொருள் இல்லை. "மேலே போகணும்" என்று பொருள். பாராட்டுகிற மாதிரி கட்டைவிரலைக் காட்டி, ஐந்தே நிமிடத்தில் மேலே கொண்டுவரப்படுகிறவர்கள் நிறைய. நலம் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.

மீசைக்காரர்களுக்கு: மாஸ்க்கின் விளிம்பு தோலோடு ஒட்டாமல் தண்ணீர் கசியும். மீசையின் மேல்வரியை மழித்துவிடலாம், அல்லது கொஞ்சம் வாஸ்லின். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே போனில் கேளுங்கள். கிணற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவர்கள் மூச்சடக்கப் பழகியிருப்பார்கள். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது நுரையீரலுக்குள் காற்று விரியும்.

பணம் குறைவாக இருந்தால் எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்ளிங் போதும். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து படகு. காட்டு வழியே நடந்தும் போகலாம், 2 கி.மீ. போல, மழைக்குப் பிறகு முழங்கால் சேறு. 2010-ல் கடல் சூடானதில் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. படங்களில் பார்த்த நிறங்களை எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் ஏமாற்றாது.

படி 7: நாள் வரிசை

முதல் நாள் மதியம் செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம். நடுவிலிருந்து நீண்ட ஏழு சிறகுகளில் (கட்டடக் கிளைகளில்) இப்போது இருப்பது மூன்று. மொட்டை மாடி வரை ஏறுங்கள், மற்ற சிறகுகள் எந்தப் பக்கம் நீண்டிருக்கும் என்பது அங்கிருந்துதான் புரியும். மாலை ஒலி-ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், மாலை ராதாநகர். மூன்றாம் நாள் ஸ்கூபா. நான்காம் நாள் நீல். ஐந்தாம் நாள் நீல் மிச்சத்தை முடித்து மதியக் கப்பலில் திரும்புதல். ஆறாம் நாள் விமானம். மதியத்துக்கு மேல் என்றால் காலையில் ராஸ் தீவுக்கு நேரம் கிடைக்கும்.

பாரடாங் சுண்ணாம்புக் குகையை இதில் சேர்க்கவில்லை. அதற்கு விடியற்காலையில் கிளம்பி, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டை வாகன வரிசையில் கடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். போகிறவர்களில் பலர் குகைக்காகப் போவதில்லை, அந்த மக்களை எட்டிப் பார்க்கத்தான் போகிறார்கள். அவர்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

*"நம்ம வெயிலைவிடவா அங்கே வெயில்?"* இல்லை. ஆனால் ஸ்நார்க்ளிங்கில் ஒரு மணி நேரம் குப்புற மிதப்பீர்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு பொசுங்குவது தெரியாது. கிரீமைவிட முழுக்கை லைக்ரா சட்டை மேல்.

*பணம்:* ஹேவ்லாக், நீலில் இணையம் தள்ளாடும், ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். போர்ட் பிளேரிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் டிக்கெட்டுகளையும் போனில் சேமித்துவிடுங்கள்.

*மொழி:* போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகச் செல்லும். நீலில் வங்காளிகள் அதிகம், இந்தி உதவும்.

*கிளிஞ்சல்:* கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டையும் சங்கையும் விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். வேண்டுமானால் அரசின் சாகரிகா கடையில் வாங்கி, ரசீதைப் பையிலேயே வையுங்கள்.

*பெயர்க் குழப்பம்:* கப்பல் டிக்கெட் இணையதளத்தில் ஹேவ்லாக்கைத் தேடிக் காணவில்லை என்றார்கள் சிலர். 2018-ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. இரண்டு பெயரிலும் தேடுங்கள். விமான டிக்கெட்டில் குறியீடு பழையதுதான்: ஐஎக்ஸ்இசட்.