சிறுகதைத் தொகுப்புக்கு காப்பிரைட் பதிவது எப்படி?

எழுதி முடித்த கதையை ஒரு கவரில் போட்டு ஒட்டி, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தபால் முத்திரையில் உள்ள தேதி, கதை தன்னுடையது என்பதற்குச் சாட்சியாகுமே என்று ஒரு கணக்கு. 500 ரூபாய் கட்டினால் அரசாங்கப் பதிவேட்டிலேயே பெயர் ஏறும்போது எதற்கு இந்தச் சுற்றுவழி?

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். காப்பிரைட்டைப் பலர் காப்புரிமை என்கிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். கதைக்கும் பாட்டுக்கும் உள்ளது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய உடனேயே அது உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. அப்புறம் ஏன் பதிய வேண்டும் என்றால், நாளைக்கு வழக்கு என்று வந்தால் பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல்நிலைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும், அது தவறு என்று காட்ட வேண்டியது எதிராளியின் வேலையாகிவிடும். ஆனால் நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. "ஒரு பேய் ஆட்டோ ஓட்டுகிறது" என்ற வெறும் ஐடியாவுக்கோ, கதையின் தலைப்புக்கோ கிடையாது.

சரி, வேலையைத் தொடங்கலாம். காப்பிரைட் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் கணக்கு தொடங்கி, படிவம் 14ஐத் திறந்துகொள்ளுங்கள். கையெழுத்தை ஸ்கேன் செய்து, கதைகள் முழுவதையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி முன்பே தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வருவது விவரப் பட்டியல். தலைப்பு, மொழி, எழுதியவர் பெயர், முகவரி, நாட்டுரிமை எல்லாம் சுலபம்தான் (எழுதியவர் இறந்திருந்தால் இறந்த தேதி என்று ஒரு கட்டம் வரும், பதறாமல் தாண்டிப் போங்கள்). நிதானமாக நிரப்ப வேண்டியது "வெளியானதா, வெளியாகாததா" என்ற கட்டம். புத்தகமாக வரவில்லையே என்று நான் வெளியாகாதது என்று போட்டேன். தொகுப்பில் இரண்டு கதைகள் ஏற்கெனவே பத்திரிகையில் வந்தவை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, திருத்திக் கொடுப்பதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி செய்தாலே சட்டத்தின் கண்ணில் அது வெளியீடு, ஆகவே பிளாக்கில் போட்ட கதையும் வெளியானதுதான். முதலில் வெளியான ஆண்டையும் நாட்டையும் சரியாக எழுதுங்கள்.

கூடுதல் விவரப் பட்டியலில் இது சொந்தப் படைப்பா, மொழிபெயர்ப்பா, தழுவலா என்று கேட்பார்கள். பதிப்பகம் வெளியிட்டிருந்தால் அவர்களிடம் ஆட்சேபணையில்லை என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். நண்பர் வரைந்த அட்டைப் படம் தனிப் படைப்பு, எழுத்துக்கான பதிவில் அதுவும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

கட்டணம் எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவு என்றால் 2,000, திரைப்படம் என்றால் 5,000. பணம் கட்டியதும் ஒரு டைரி எண் வரும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தளத்தில் அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

பிறகு காத்திருப்பு. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் பரிசோதகர் படிவத்தைக் கையிலேயே எடுப்பார். குறை இருந்தால் கடிதம் வரும், அதற்குக் கெடுவுக்குள் பதில் போட்டுவிடுங்கள். குறை எதுவும் இல்லாவிட்டால் நேராகச் சான்றிதழ்தான். 30 நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளியாகாதது என்று பதிந்த தொகுப்பு பின்னால் புத்தகமாக வந்தால், படிவம் 15இல் விண்ணப்பித்து வெளியீட்டு விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.