விற்பனை ஏன் ஏறியது? சோதித்துப் பார்க்கும் முறை, முதல் படியிலிருந்து

சில ஆண்டுகளுக்கு முன்பு, விற்பனை படுத்துப்போயிருந்த ஒரு மாதத்தில், விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு அனுப்பும் கடிதத்தை நான் திருத்தி எழுதினேன். அடுத்த மாதம் விற்பனை எழுந்து நின்றது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. பிறகுதான் ஒன்று தெரிந்தது: கணினியில் நேர்ந்த பிழையால் புதிய கடிதம் பாதிப் பேருக்கே போயிருந்தது. மீதிப் பேருக்குப் போனது பழைய கடிதம். இரு தரப்பிலும் வாங்கியவர்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது, காக்கை நான்.

அந்தப் பிழை நேராமல் இருந்தால், இன்றுவரை அந்தக் கடிதத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருப்பேன். அன்று தற்செயலாக நடந்த பிரிப்பைத் திட்டமிட்டுச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கணக்குத் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: வருவாயை உடைத்து எழுதுங்கள்

விசாரிப்பவர்கள் × அவர்களில் வாங்குவோர் சதவீதம் × ஒருவர் ஒருமுறை வாங்கும் தொகை × எத்தனை முறை வாங்குகிறார். எந்த வணிகமானாலும் வருவாய் ஏறக்குறைய இந்த நான்கின் பெருக்கல்தான். நான்கையும் பத்துப் பத்து சதவீதம் உயர்த்தினால் வருவாய் 46 சதவீதம் கூடும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் இந்த நான்கும் ஒன்றோடொன்று கயிறு கட்டியவை. விளம்பரத்தை விரித்தால் விசாரிப்பவர்கள் கூடுவார்கள். சும்மா கேட்டுப் போகிறவர்களும் கூடுவதால் வாங்குவோர் சதவீதம் இறங்கும். எனவே ஒரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூன்றின் மீதும் ஒரு கண் வைத்திருங்கள்.

படி 2: எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. வாரம் 100 பேர் விசாரிக்கிறார்கள், சராசரியாக 20 பேர் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். விலை, பேச்சு, பொருள் என எதுவுமே மாறாவிட்டாலும், மூன்று வாரங்களில் இரண்டில்தான் எண்ணிக்கை 16க்கும் 24க்கும் இடையில் இருக்கும். அவ்வப்போது 13 வரும், 27உம் வரும். காரணம் தேடாதீர்கள், நாணயத்தைச் சுண்டினாலும் இப்படித்தான் ஏறி இறங்கும். உங்கள் விற்பனை தானாக எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாமல், நீங்கள் அதை ஆட்டினீர்களா என்று சொல்ல முடியாது.

இன்னொரு பொறியும் உண்டு. நாம் எப்போது மாற்றம் செய்கிறோம்? விற்பனை தரை தட்டியிருக்கும்போதுதான். மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், பெரும்பாலும் சற்று மேலாகவே இருக்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி இறங்குவதை ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிக் காட்டினாரே, அதே போக்கு இது. என் கடிதத்துக்குக் கிடைத்த கைதட்டலும் அதற்கு உரியதே.

படி 3: ஊகத்தைத் தேதி போட்டு எழுதுங்கள்

‘வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்தினால் விற்பனை கூடும்’ என்று எழுதினால் அது ஊகமே இல்லை. எது நடந்தாலும் அது பொய்யாகாது. இப்படி எழுதுங்கள்:

“விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் அழைத்துப் பேசினால், வாங்குவோர் 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை உயரலாம். ஆர்வம் ஆறுவதற்குள் பேசிவிடுவதே காரணம். வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டால் பழைய முறைக்கே திரும்புவோம்.”

கடைசி வாக்கியம்தான் உயிர். முடிவு வந்த பிறகு மனம் சாக்குகளைத் தேடும்: ‘விடுமுறைக் காலம், அதனால்தான்’, ‘இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்’. முன்கூட்டியே எழுதிய தாள் அந்த வாயை அடைத்துவிடும்.

படி 4: இரண்டாகப் பிரியுங்கள், குலுக்கல் முறையில்

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் ஒரு மருந்து கொடுத்தார். மற்ற உணவும் இடமும் எல்லாருக்கும் ஒன்றே. ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினார்கள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் எது குணப்படுத்தியது என்று தெரிந்திருக்காது. (பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795 ஆகிவிட்டது. நல்ல முடிவு கையில் இருந்தும் மேலிடம் அசையவில்லையே என்று வருந்துபவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.)

ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதை விற்பனைப் பிரதிநிதியிடம் விடாதீர்கள். அவர் கெட்டிக்காரர், வாங்கப்போகிறவரைக் குரலிலேயே கண்டுகொண்டு புதிய முறைப் பக்கம் சேர்த்துவிடுவார். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வயல் சோதனைகளுக்கு வகுத்த விதி இங்கேயும் பொருந்தும்: எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். உங்களுக்கு ஒரு நாணயம் போதும். தலை விழுந்தால் உடனடி அழைப்பு, பூ விழுந்தால் வழக்கமான முறை. இரண்டும் ஒரே நாட்களில் நடக்க வேண்டும். இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது என்று பிரித்தால் மாதத்தைத்தான் சோதிக்கிறீர்கள்.

படி 5: எத்தனை பேர் வேண்டும்?

ஒரு பக்கத்துக்குத் தேவையானவர்கள் ஏறத்தாழ 16 × வி × (1 − வி) ÷ இ². ‘வி’ என்பது இப்போதைய விகிதம் (20 சதவீதம் என்றால் 0.2). ‘இ’ என்பது நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் இடைவெளி. 20 சதவீதம் 30 ஆகிறதா என்று பார்க்க 256 வருகிறது. பக்கத்துக்கு 300 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 5 சதவீதம் 6 ஆகிறதா என்று பார்க்க 7,600 பேர் வேண்டும்! சிறு வணிகத்துக்கு இதில் ஒரு கண்டிப்பான செய்தி இருக்கிறது: இணையதளப் பொத்தானின் நிறத்தை மாற்றிப் பார்ப்பது போன்ற நுணுக்கங்கள் உங்களுக்கு வேண்டாம். ஆளைக் குலுக்கும் பெரிய மாற்றங்களை மட்டும் சோதியுங்கள். குறித்த எண்ணிக்கை வரும்வரை நடுவில் எட்டிப்பார்த்து ‘வென்றுவிட்டோம்’ என்று நிறுத்தவும் கூடாது.

படி 6: முடிவைப் படியுங்கள்

எளிய வழி ஒன்று. இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இருந்தால், இரண்டிலும் வாங்கியவர்களைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, இரட்டியுங்கள். இடைவெளி அதைத் தாண்டினால் தற்செயல் என்று தள்ளுவது கடினம். பழைய முறையில் 60, புதிய முறையில் 88 பேர் வாங்கினால் கூட்டல் 148, வர்க்கமூலம் 12, இரட்டித்தால் 24. இடைவெளி 28, ஏற்கலாம். 60க்கு எதிராக 75 என்றால் ஏற்க முடியாது, ஆசை எவ்வளவு இருந்தாலும்.

அடுத்து, இலாபத்தைப் பாருங்கள். விற்கும் விலையில் 30 சதவீதம் இலாபமாக நிற்கும் பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், அதே இலாபம் நிற்க 50 சதவீதம் கூடுதலாக விற்றாக வேண்டும். விற்பனை 30 சதவீதம் ஏறியது என்று இனிப்பு வழங்கிக்கொண்டே நட்டப்படுபவர்கள் உண்டு.

பெரும்பாலான ஊகங்கள் தோற்கும், துவண்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டில் சோதித்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயன் தந்தது. ஒரு பங்கு எதையும் மாற்றவில்லை, ஒரு பங்கு கெடுத்தது. அங்கேயே பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தை மாற்றலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2012இல் சோதித்தபோது வருவாய் 12 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். எது வெல்லும் என்று முன்கூட்டி மதிப்பிடுவதில் அனுபவசாலிகளும் கோட்டை விடுகிறார்கள்.

படி 7: கொஞ்சம் பேரைப் பழைய முறையிலேயே விட்டுவையுங்கள்

வென்ற மாற்றத்தை எல்லாருக்கும் விரிக்கும்போது, பத்தில் ஒருவருக்கு மட்டும் மூன்று மாதம் பழைய முறையே தொடரட்டும். புதுமையின் கவர்ச்சியில் வந்த ஏற்றம் சில வாரங்களில் வடிந்துவிடுவதுண்டு. இரு பக்கமும் மறுபடி ஒன்றாகிவிட்டால், கைதட்டல் வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.