மலைவீட்டில் டிஷ் திருப்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் டிஷ்ஷைத் தாங்களே மாட்டிக்கொள்கிறவர்கள் கூடிவிட்டார்கள். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வாங்கியவர்களைக் கேட்கவே வேண்டாம். கேபிளைச் செருக மறப்பது மாதிரியான பிழைகள் தாமாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படம் வந்ததும் போல்ட்டை முறுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கூரைமேல் ஒருவர், கீழே டிவி முன்னால் ஒருவர். "வந்துடுச்சு மாமா!" என்று குரல் வந்ததும் மேலே ஸ்பேனர் சுழலும். கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனா திருப்பிய காலத்தில் இது சரி. சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாக விழும், அது மறையும்வரை திருப்பினால் போதும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டி 50 காட்டினாலும் 80 காட்டினாலும் படம் ஒரே தெளிவுதான். எல்லைக்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும், உடனே எல்லாம் போய்விடும்.

அப்படி ஓரத்தில் நிற்கும் சிக்னலை ஐப்பசி மழை தள்ளிவிடும். டிஷ்ஷுக்கு வருகிற 11, 12 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை உறிஞ்சும், சிதறடிக்கும். மன்னவனூரில் ஒரு வீட்டில் மழை வந்தாலே டிவி நின்றது. முதலில் பாக்ஸை மாற்றினார்கள், அப்புறம் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கம்பியின் நுனியில் சிக்னலை வாங்கும் கருவி), அப்புறம் கேபிள் முழுக்க. போய்ப் பார்த்தால் நல்ல வெயிலிலேயே குவாலிட்டி முப்பதுகளில் தள்ளாடுகிறது. டிஷ்ஷைத் துளி கிழக்கே நகர்த்தியதும் எழுபதைத் தாண்டியது. ஒதுக்கிப் போட்ட பழைய பாக்ஸில் ஒரு கோளாறும் இல்லை.

பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த்தை நம்பாதீர்கள். வேறு சாட்டிலைட்டைப் பார்த்து நின்றாலும் அது ஏறித்தான் இருக்கும். குவாலிட்டியைப் பாருங்கள். டிஷ்ஷை ஒரு பக்கமாக நகர்த்தி, எண் உச்சத்தைத் தொட்டு இறங்கும்வரை போங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு மேல்கீழ். கடைசியில் எல்என்பியைப் பிடிக்குள்ளேயே மெல்லத் திருகிப் பாருங்கள். பாக்ஸ் எண்ணைத் தாமதமாகத்தான் காட்டும், பொறுங்கள். டிஷ் ஒரு டிகிரி திரும்புவது என்பது கம்பத்தின் மேல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் அதுவே டிஷ்ஷை இழுத்துவிடும்.

மழையில் ஏறித் திருப்புவது

வேண்டாம். மழை விட்டால் தானே வரும்.

மலை மறைக்கிறது என்பது

ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 சாட்டிலைட், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பார்த்தால் தென்கிழக்கிலிருந்து சற்றுக் கிழக்கே தள்ளி, கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். அந்த உயரத்தை எதிர்மலை எட்டாது. வீட்டை ஒட்டி நிற்கும் சீகையும் தைலமரமும்தான் மறைக்கும். அந்தத் திசையில் 10 அடி தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 25 அடி உயர்ந்திருந்தால் கிளையைக் கழிக்க வேண்டியதுதான். டிஷ் முகம் அவ்வளவு மேலே பார்க்கவில்லையே என்று குழம்பாதீர்கள். எல்என்பி கீழே தள்ளியிருக்கும் டிஷ், தான் பிடிக்கும் திசையைவிட 20 டிகிரிக்கு மேல் குனிந்தே நிற்கும்.

கம்பம்

செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண் ஏமாற்றும்.

தகரக் கூரை

சுவரில் மாட்டுங்கள். காற்றில் தகரம் அதிர்ந்தால் டிஷ்ஷும் அதிரும். முறுக்கி முடித்ததும் கம்பத்தையும் கிளாம்பையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். குரங்கு தொங்கிவிட்டுப் போனாலும் பழைய இடம் எது என்று தேட வேண்டியிருக்காது.