ஸ்டார்ட்டில் குதித்த பிக்கப்: என் அனுபவம்

டெக்சாஸில் கால் மைல் நேர்ப்பாதை ரேஸில் (டிராக் ரேஸ்) நான் ஓட்டும் பழைய வி8 பிக்கப். பின்சக்கர டிரைவ், லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். முதல் 60 அடிக்கே 2.4 விநாடி.

பின் டயரில் காற்றைக் குறைத்தேன். பிடிப்பு கொஞ்சம் கூடியது, குதிப்பு நிற்கவில்லை. ஷாக் அப்சார்பரை மாற்றியதில் காசுதான் போனது. மணல் மூட்டை ஏற்றலாம் என்றால், போல்ட் போட்டு இறுக்காத சுமையைச் சோதனையிலேயே இறக்கச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கச் சொன்னேன். விஷயம் அதில்தான் தெரிந்தது. அச்சு முறுக்கிக்கொண்டு டிஃபரன்ஷியலின் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை) மேலே எழும்புகிறது, ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளிகிறது. அது திரும்ப நிமிரும்போது டயர் தரையை விடுகிறது.

டிராக்‌ஷன் பார் போட்டேன்: அச்சு முறுக்காமல் தடுக்க, ஸ்பிரிங்குக்குக் கீழே அச்சோடு மாட்டும் இரும்புத் தண்டு. அதன் முனையில் உள்ள ரப்பர் கட்டை ஸ்பிரிங்கின் முன்கண்ணுக்கு (வண்டியோடு மாட்டும் முன் வளையம்) நேர் கீழே வர வேண்டும். தள்ளி இடித்தால் ஸ்பிரிங்தான் வளையும். குதிப்பு நின்றது, ஆனால் வலது டயர் மட்டும் வழுக்கியது. ரப்பருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வைத்ததுதான் காரணம். டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதனால் வலப்பக்க ரப்பரை ஸ்பிரிங்கில் படும் அளவுக்கு ஏற்றி, இடப்பக்கம் அரை அங்குலம் விட்டேன்.

இப்போது 2.1. அப்பாடா!

இன்னொன்று: சாதாரண ரோட்டு டயர் என்றால் பர்ன்அவுட் தண்ணீரில் (ஸ்டார்ட்டுக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடாக்க ஊற்றி வைக்கும் தண்ணீர்) இறங்காமல் சுற்றிப் போங்கள். டயர் பள்ளங்களில் ஏறும் ஈரம் ஸ்டார்ட் கோடு வரை கூடவே வரும்.