மணிக்கட்டு எக்ஸ்ரே: எப்போது எடுக்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

ஏற்காட்டில் மழைக்காலத்துக் காப்பித் தோட்டச் சரிவில் வழுக்குபவரும், மிளகு பறிக்க ஏணியேறித் தவறுபவரும் விழும்போது பெரும்பாலும் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறார்கள். வீக்கம், கோணல், எலும்பைத் தொட்டால் வலி, பிடிமானமின்மை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், சுளுக்கென்று நீவிவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ தாமதமின்றி அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

முதலில், மலையிலிருந்து சேலத்துக்கு இறங்குவதற்கு முன்பே வளையல், மோதிரம், கயிறு, கடிகாரம் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறியபின் அவற்றை வெட்டித்தான் எடுக்க நேரும். கர்ப்பிணிகள் படமெடுப்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒன்றும், பக்கவாட்டில் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு கோணங்களில் படமெடுப்பார்கள். ஒரு கோணத்தில் மறையும் முறிவு மற்றதில் தெரியக்கூடும் என்பதால், ஒரே படத்துடன் திருப்தியடையக் கூடாது.

படம் கைக்கு வந்ததும் பெயர், தேதி, வலது இடது குறியைச் சரிபாருங்கள். பிறகு முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் வெள்ளை விளிம்பைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். அது எங்கும் அறுபடாமலும் படிபோல் விலகாமலும் இருக்க வேண்டும். அதற்கு மேலே எட்டுச் சிற்றெலும்புகள் இரண்டு வரிசைகளாக, ஏறத்தாழச் சீரான இடைவெளியுடன் அமைந்திருக்கும். பக்கவாட்டுப் படத்தில் ரேடியஸின் மூட்டுப்பரப்பு உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பது இயல்பு. அது புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தால், மணிக்கட்டருகே ரேடியஸ் முறிந்து புறங்கைப் பக்கம் விலகும் கோலிஸ் முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே கண்டறியப்பட்ட 1895-க்கு வெகு முன்னரே, 1814-இல், அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் இம்முறிவை விவரித்துவிட்டார் என்பது வியப்புக்குரியது. சிறுவர்களின் எலும்பு நுனியருகே தெரியும் கருங்கோடு பெரும்பாலும் எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டே. அதை முறிவென்று அஞ்ச வேண்டாம், மருத்துவரே பார்த்து முடிவு சொல்லட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: படம் சரியாக இருக்கிறது என்ற பிறகும், கட்டைவிரலை நிமிர்த்தும்போது அதன் அடியில் விழும் குழியை அழுத்தினால் வலித்தால், ஸ்கேஃபாய்டு என்னும் சிற்றெலும்பு முறிந்திருக்கக்கூடும். இதன் முறிவு முதல் படத்தில் தெரியாமலே போவதுண்டு. இவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல்பக்க முனையிலிருந்தே வருவதால், நடுவில் முறிந்து கவனிக்கப்படாமல் விட்டால் மறுபாதி இரத்தமின்றிச் சிதையலாம். ஆகவே மருத்துவர் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாட்களில் மறுபடம் எடுக்கச் சொன்னாலும், எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தாலும் தட்டிக்கழிக்காதீர்கள். வலி குறைந்துவிட்டதே என்று கட்டை நீங்களாக அவிழ்க்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதல் படத்தையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.