சராசரியை மட்டும் நம்பிச் செயல்திறன் சோதனையை முடிக்காதீர்கள்

மென்பொருளின் செயல்திறனைச் சோதிப்பவர்கள் அறிக்கையில் முதலில் தேடுவது சராசரி மறுமொழி நேரத்தைத்தான். ஆனால் பயனர்களின் எரிச்சலை அந்த எண் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. 100 கோரிக்கைகளில் 95-க்கு 0.2 நொடியிலும், மீதி 5-க்கு 6 நொடியிலும் பதில் கிடைத்தால், சராசரி 0.49 நொடி என்றே வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவோம். அதே முடிவின் 99-ஆம் சதமானமோ (100 கோரிக்கைகளில் 99-க்கு இந்த நேரத்துக்குள் பதில் கிடைத்துவிடும் என்ற அளவு) 6 நொடி என்று உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பக்கம் திறக்க இத்தகைய 20 கோரிக்கைகள் தேவைப்பட்டு, அவை ஒன்றையொன்று சாராதவையாகவும் இருந்தால், அவற்றுள் ஒன்றேனும் தாமதமாகும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு என்பதால், அந்த 5-ஐ அற்பமென்று ஒதுக்க முடியாது.

ஆகவே 95, 99-ஆம் சதமானங்களுக்கான வரம்பைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேச் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) நிரம்பும் வரையிலான தொடக்க நிமிடங்களின் அளவீடுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். சோதனைக் கோரிக்கைகளை அனுப்பிச் சுமையை உருவாக்கும் கருவியைச் சோதிக்கப்படும் சர்வரிலேயே இயக்கக் கூடாது; இரண்டும் ஒரே சிபியுவுக்குப் போட்டியிடும்போது, அளக்கப்படுவது எதன் வேகம் என்பதே தெரியாமல் போகும். தரவுத்தளத்தில் சில நூறு வரிசைகளை மட்டும் வைத்துச் சோதிப்பதும் (நான் அதிகம் காணும் தவறு இதுதான்) வீண் வேலை. இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத வினவல்கூட அங்கே வேகமாகவே ஓடும்.